ஃபார்மட் செய்வதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் தரைத்தள வீட்டில் இருக்கும் உங்கள் டெஸ்க்டாப்புக்கு ஏழு வயது. 240 ஜிபி எஸ்எஸ்டியில் நீங்கள் கணக்கு எழுதும் விண்டோஸ் 10 இருக்கிறது. 1 டிபி ஹார்டு டிஸ்க்கின் ஒரு பகுதியில் உங்கள் மகள் கல்லூரி வேலைக்குப் பயன்படுத்தும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இருக்கிறது; மீதிப் பகுதி இருவருக்கும் பொதுவான டி டிரைவ். சென்ற வாரம் இரவில் கரண்ட் இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு, எந்த ஓஎஸ் (இயங்குதளம்) வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரை வராமல் நேராக விண்டோஸ் திறக்கிறது. தேதி 2018 ஜனவரி 1 என்று காட்டுகிறது. அதற்கு முன்பே சில மாதங்களாக, உபுண்டுவில் பெரிய கோப்புகளைக் காப்பி செய்யும்போது கணினி அப்படியே நின்றுபோவதும், இரண்டு முறை தானாக அணைந்துபோனதும், டி டிரைவ் திறந்தாலும் அதில் எழுத முடியாமல் போவதும் இருந்திருக்கின்றன. கடைக்காரர், லினக்ஸ் கெட்டுப்போய்விட்டது, இரண்டையும் ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

செய்ய வேண்டாம். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பெரும்பாலானவை வன்பொருளில் தொடங்குபவை. ஃபார்மட் செய்தால் அவற்றில் ஒன்றுகூடத் தீராது. புதிதாகப் போட்ட உபுண்டுவும் அடுத்த மாதம் இதே இடத்தில்தான் வந்து நிற்கும், அதற்குள் உங்கள் மகளின் புராஜெக்ட் கோப்புகள் மட்டும் போயிருக்கும். ஓஎஸ் பழுதும் வன்பொருள் பழுதும் சேர்ந்து நிற்கும்போது வன்பொருளை முதலில் முடித்துவிட்டுத்தான் பூட், அதாவது ஓஎஸ்ஸை ஏற்றித் தொடங்கும் வேலையின் பக்கம் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏனென்றால், ஆடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் மேல் பூட்டைச் சரிசெய்வது, சுவர் ஈரமாக இருக்கும்போதே பெயின்ட் அடிப்பதைப் போன்றது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. லினக்ஸ் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்காது. அந்தப் பகுதிக்கு எப்படியோ சி, டி போன்ற ஒரு டிரைவ் எழுத்து கிடைத்துவிட்டால், அதைத் தொட்டதும், இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு சிறு பெட்டி எழும்பும். அது பழுது அறிவிப்பு அல்ல. விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அந்தப் பெட்டியில் 'கேன்சல்' தவிர வேறு எதையும் அழுத்தாதீர்கள். வீட்டில் மற்றவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இந்த ஒரு அழுத்தலில் மூன்று ஆண்டுக் கோப்புகளை இழந்தவர்களை எனக்கு நேரில் தெரியும்.

இப்போது தேதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் கணினி மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கும் சாட்சி அதுதான். கணினியின் கடிகாரம் தவறுவதில் இரண்டு வகை உண்டு. சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறினால் அது விண்டோஸும் லினக்ஸும் நேரத்தை வெவ்வேறு விதமாக எழுதுவதால் வருவது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய், ஜனவரி 1 போன்ற ஒரு தொடக்கத் தேதியில் நின்றால், மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது என்று பொருள். கணினி முழுவதும் அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும், கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலான பயாஸின் அமைப்புகளையும் காப்பது அந்தச் செல்தான். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் வழியாக வரும் சிறு மின்சாரமே அந்த வேலையைச் செய்துவிடுவதால், செல் செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும் நமக்குத் தெரியாது. இரவில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்ட அந்த நிமிடத்தில்தான் அது வெளிப்படும். நீங்கள் 'கரண்ட் போய்வந்த பிறகு' என்று எழுதியிருப்பது இதனோடு அப்படியே பொருந்துகிறது. தேதி தவறியிருப்பதன் பக்கவிளைவாக இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் மறுத்திருக்கும். அதை வைரஸ் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தச் செல் சிஆர்2032 வகை: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்; புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. ராயபுரத்தில் நான் சென்ற ஆண்டு மாற்றிய ஒன்று 1.9 காட்டியது. மேல்பக்கம் கண்ணாடிபோலப் பளபளப்பாகத்தான் இருந்தது. எடுத்துத் திருப்பியபோது அடியில் பச்சை பூத்து, அது அழுத்தி உட்காரும் சின்னத் தகட்டின் நுனியும் கறுத்திருந்தது. தகட்டைச் சுத்தம் செய்யாமல் செல்லை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த வாரமே அவர்கள் மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். எனவே செல்லை எடுத்ததும் அந்தத் தகட்டையும் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டி வாழும் நமக்கு, ஜன்னல் கம்பியும் வண்டியின் செயினும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உப்புக் காற்றைத்தான் கேபினெட்டின் ஃபேன் நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஓயாத சாலையின் புழுதி அதோடு சேர்ந்து படியும்போது, மழைக்காலத்தில் அந்தப் படிவு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ரேம், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் ஆகியவை பொருந்தும் இடங்களில் தொடர்பு விட்டு விட்டு வருவதற்கு இங்கே இதுவே முக்கியக் காரணம் என்பது என் அனுபவம். கேபினெட்டைத் தரையில் வைத்திருந்தால், ஒரு ஸ்டூலின் மேலாவது ஏற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரையோடு இருந்த எத்தனை கணினிகள் நனைந்தன என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

கேபினெட்டைத் திறக்கும் முறை இதுதான். கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கையைக் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பில் ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எதைக் கழற்றுவதற்கு முன்பும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புழுதியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்யுங்கள், காற்றடித்துச் சுழல விடாதீர்கள். ரேமை எடுத்து அதன் பொன்னிற விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிதில் அது ஒரே சீரான மஞ்சளாக இருக்கும். நம் வீடுகளில் ஐந்தாறு ஆண்டு கிடந்ததில் பழுப்பு நிறப் புள்ளிகளோ, கைரேகைபோல ஒரு மங்கலோ தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான பருத்தித் துணியில் தொட்டுத் துடைப்பது நல்லது. அது இல்லையென்றால் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களை முழுவதும் தட்டிவிட்டுப் பொருத்துங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். மேல் முலாம் போய்விட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும்.

அடுத்தது ஹார்டு டிஸ்க்கின் கேபிள். உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகமே இதன் மேல்தான். பெரிய கோப்புகளைக் காப்பி செய்யும்போது மட்டும் கணினி நின்றுபோகிறது என்றால், ரேம் அல்லது சூட்டைவிட, டிஸ்க்கோ அதற்குப் போகும் கேபிளோ தடுமாறுகிறது என்று எண்ணவே அதிக இடம் இருக்கிறது. சாட்டா கேபிளின் இரு முனைகளையும் எடுத்துப் பொருத்துங்கள். முடிந்தால் கிளிப் வைத்த புதிய கேபிளையே போட்டுவிடுங்கள். செல்லும் கேபிளும் ஒரே பயணத்தில் வாங்க வேண்டுமானால், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் கணினிப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். வண்டி மாற வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காணாமல்போன உபுண்டு மெனுவுக்கும் இந்தக் கேபிளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கக்கூடும். பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ முறையில் ஓடும் கணினியில், எந்த ஓஎஸ்ஸை எங்கிருந்து ஏற்றுவது என்ற பட்டியல் மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கும். உபுண்டுவைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான ஏற்றி இருக்கும் டிஸ்க் ஒரு முறை கண்ணில் படாவிட்டால், சில போர்டுகள் அந்தப் பதிவையே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். டிஸ்க் மறுமுறை தெரிந்தாலும் பல போர்டுகளில் பதிவு தானாகத் திரும்பாது. செல் தீர்ந்து அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போகும்போதும் சில போர்டுகளில் வரிசை மாறி விண்டோஸ் முதலிடத்துக்கு வந்துவிடும். இரண்டில் எதுவாக இருந்தாலும் உபுண்டு கெடவில்லை. அதற்குப் போகும் வழிப்பலகைதான் விழுந்திருக்கிறது.

செல்லும் கேபிளும் மாற்றிய பிறகு கணினியைப் போட்டு, டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் போங்கள். தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். இரண்டு டிஸ்க்குகளும் பெயரோடு தெரிகின்றனவா என்று பாருங்கள். சாட்டா முறை என்ற இடத்தைத் தொடாதீர்கள். அது மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றிருக்கும், உங்கள் விண்டோஸ் ஓடுவதால் அது இருந்தபடியே இருக்கிறது என்று தெரிகிறது. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு முன்பு இருந்திருந்தால், அதுவும் இப்போது அணைந்திருக்கும். சோதனைகள் முடியும்வரை அப்படியே விடுங்கள்.

பிறகு விண்டோஸிலேயே ரூஃபஸ் என்ற மென்பொருளால் ஒரு பென் டிரைவில் உபுண்டுவை எழுதி, அதிலிருந்து கணினியை ஏற்றுங்கள். 'இன்ஸ்டால்' அல்ல, 'டிரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழு உபுண்டுவையும் நினைவகத்தில் ஓட்டும். உள்ளே போனதும் முதல் வேலை, மகளின் கோப்புறையை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுப்பது. இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க்கைப் பற்றிச் சந்தேகம் இருக்கும்போது, அதன் மேல் பழுதுநீக்கும் கட்டளைகளை ஓட்டுவதற்கு முன்பே காப்பி எடுத்துவிட வேண்டும். சாகப்போகும் டிஸ்க்கில் கோப்பு முறைமையைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி, அந்த உழைப்பிலேயே அதை முடித்துவைத்த கதைகள் நிறைய உண்டு.

காப்பி முடிந்ததும் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். மேலே ஒரு வரியில் டிஸ்க் நலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம், கீழே இருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றி வைக்கப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198, சோதித்தும் திருத்த முடியாதவை. இந்த மூன்றும் சுழியாக இருக்க வேண்டும். 197 சுழிக்கு மேல் இருந்து நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. புதிய டிஸ்க் வாங்குவதே வழி. 199 வேறு கதை. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செய்தி சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் கேபிளையோ அது பொருந்தும் இடத்தையோ சுட்டுவது. இது ஏறுமே தவிர இறங்காது, அதனால் பழைய எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. இன்றைய எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். என் கணினியில் ஒருமுறை இது 41-லிருந்து இரண்டே நாளில் 60-க்கு மேல் போனது. நான் டிஸ்க்கையே மாற்றத் துணிந்திருந்தேன். பழைய கேபிளை எடுத்துப் பார்த்தபோது, எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்க் கட்டு அதை அழுத்தி, முனைக்கு ஓர் அங்குலத்துக்கு முன்னால் கூர்மையாக மடித்திருந்தது. புதுக் கேபிள் போட்ட பிறகு அந்த எண் நகரவே இல்லை. அந்த டிஸ்க் அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் உழைத்தது.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ போதும். அதன் பழைய பதிப்புகள் யூஇஎஃப்ஐ முறையில் ஓடாது. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் ஓடும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் தெரிந்தாலும் ரேமில் பழுது இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து மாற்றி மாற்றிச் சோதித்தால், பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்பது தெரிந்துவிடும்.

தானாக அணைந்துபோவதை, நின்றுபோவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வெவ்வேறு நோய்கள். திரை உறைந்து ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் ரேம், டிஸ்க், டிரைவர் என்ற திசையில் தேட வேண்டும். விளக்கு ஃபேன் எல்லாம் ஒரு நொடியில் அணைந்தால் சூடு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் என்ற மூன்றில் ஒன்று. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைக் காட்டி எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஒழுங்காக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

சூட்டைச் சோதிப்பது எளிது. ஏழு ஆண்டாகப் பிராசஸரின் மேல் இருக்கும் பசை காய்ந்து சுண்ணாம்புபோல ஆகியிருக்கும். ஹீட் சிங்க்கைக் கழற்றி, பழையதைத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிய பசை வைத்துப் பொருத்துங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்; பிளக்கை எடுத்த பிறகும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கும். வெளியிலிருந்தே அளக்கலாம்: கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பு ஒயரில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால், ஸ்டிக்கரில் எத்தனை வாட் போட்டிருந்தாலும், ஏழு ஆண்டுக்குப் பிறகு அதை மாற்றிவிடுவதே என் கருத்து. யுபிஎஸ்ஸின் பேட்டரியும் இரண்டு மூன்று ஆண்டுக்குமேல் தாங்காது. கரண்ட் போகும் அதே நொடியில் கணினியும் அணைகிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இழுக்கிறதா என்றும் கவனியுங்கள்; நம் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருந்தாலும் அதன் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிபார்க்க வேண்டிய விஷயம் அது. கணினிக்காக மட்டும் அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்காகவும்.

இனி பூட். கணினியைப் போட்டதும் எஃப்12, எஃப்11, எஃப்8 ஆகியவற்றில் உங்கள் போர்டுக்கு உரிய விசையை அழுத்தினால் பூட் மெனு வரும். அங்கே 'உபுண்டு' என்ற பெயர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போய்விட்டால், பயாஸில் பூட் வரிசையில் அதை முதலிடத்துக்கு நகர்த்துவதோடு வேலை முடிந்தது. கேபிளைச் சரிசெய்ததிலேயே அந்தப் பெயர் சில போர்டுகளில் திரும்ப வந்துவிடும்.

பெயர் இல்லையென்றால், முதலில் விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து, பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்றிருக்கிறதா, பழைய பயாஸ் முறையான லெகசி என்றிருக்கிறதா என்று பாருங்கள். லெகசி என்றிருந்தால் கீழே நான் சொல்லும் வழி பொருந்தாது, எனக்கு எழுதுங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால், பென் டிரைவையும் பூட் மெனுவில் அதன் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்றிருக்கும் வரியிலிருந்தே ஏற்ற வேண்டும். லெகசி முறையில் ஏற்றிவிட்டு யூஇஎஃப்ஐ பூட்டைச் சரிசெய்ய முயல்வதுதான், நான் பார்த்தவரை, பாதிப் பேர் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கும் இடம்.

ஏற்றிகள் இருக்கும் இடத்துக்கு ஈஎஸ்பி என்று பெயர். ஃபேட்32 முறையில் சில நூறு எம்பி அளவில் இருக்கும் சிறு பகுதி அது. உங்களிடம் இரண்டு டிஸ்க் இருப்பதால், உபுண்டுவின் ஏற்றி எதில் இருக்கிறது என்று ஊகிக்காமல் திறந்து பார்க்க வேண்டும். உபுண்டுவின் பழைய நிறுவல் நிரல், நாம் ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள ஈஎஸ்பியிலேயே ஏற்றியை வைத்துவிடுவது வழக்கம். டிஸ்க்ஸ் செயலியில் இரண்டு டிஸ்க்குகளிலும் அந்தச் சிறு பகுதியைத் தேடித் திறந்து, ஈஎஃப்ஐ என்ற அடைவுக்குள் உபுண்டு என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். அதனுள் ஷிம்எக்ஸ்64 என்று தொடங்கும் கோப்பு இருந்தால் ஏற்றி பத்திரமாக இருக்கிறது. பல போர்டுகளில் பயாஸிலேயே புதிய பூட் பதிவு சேர்க்கும் இடம் உண்டு. அங்கே இந்தக் கோப்பைக் காட்டி 'உபுண்டு' என்று பெயரிட்டால் போதும். அந்த வசதி இல்லாத போர்டு என்றால், பென் டிரைவில் ஓடும் உபுண்டுவிலிருந்து ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளையால் அதே பதிவைச் சேர்க்கலாம். பூட் ரிப்பேர் என்ற கருவியைப் பலர் முதலிலேயே பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் ஒரே அழுத்தலில் பல மாற்றங்களைச் செய்துவிடுவதால், இந்தச் சிறு வழி தோற்ற பிறகே நான் அதைத் தொடுவேன்.

உபுண்டு மெனு திரும்பிய பிறகு அதில் விண்டோஸ் காணாமல்போனால் பதற வேண்டாம். அந்த மெனுவைக் காட்டும் ஏற்றிக்குப் பெயர் கிரப்; 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை அணைக்கும் வரியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் மெனுவில் சேர்ந்துவிடும். திரையில் ஷிம், எஸ்பிஏடி, 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்ற சொற்கள் தெரிந்து கணினி அணைந்தால் காரணம் வேறு. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய லினக்ஸ் ஏற்றிகளை, நம்பகமான ஏற்றிகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டில் மறுக்கச் செய்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவை முழுவதும் புதுப்பித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகும். விண்டோஸில் டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸில் இப்படி எதை மாற்றுவதற்கு முன்பும் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

டி டிரைவில் எழுத முடியாதது இவை எல்லாவற்றிலும் எளியது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி உண்டு. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுவதும் அணையாமல், தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுதினால் விண்டோஸ் விழித்ததும் இரண்டும் மோதிக் கோப்புகள் சிதையும். எனவே லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதித்து நிறுத்திக்கொள்கிறது. அது செய்வது சரி. வற்புறுத்தி எழுத வைக்கும் கட்டளைகளைத் தேடாமல், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். திடீரென அணைந்துபோன வரலாறு உங்கள் கணினிக்கு இருப்பதால், விண்டோஸிலிருந்தே டி டிரைவுக்குச் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனையையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

ஐந்தரை மணி நேரக் கணக்கு இனிமேல்தான் உங்கள் கண்ணில் படும். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். உபுண்டுவில் வேலை செய்துவிட்டு இரவு 9 மணிக்கு விண்டோஸுக்குப் போனால், அது மாலை 3.30 என்று காட்டும். செல் மறுபடி தீர்ந்துவிட்டது என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியை மாற்றுவதுதான் முறை என்று பலர் சொல்வார்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் நாடுகளுக்கு அது சரி. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால், டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையில் 'செட் லோக்கல் ஆர்டிசி' என்பதற்கு 1 கொடுத்து லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுவது எளிது, அதனால் தீங்கும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகும் உபுண்டு ஒருமுறை நின்றுபோனால், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்க்ரீன் விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ் (S), யூ (U), பி (B) ஆகிய ஆங்கில எழுத்துகளை இரண்டு விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக அழுத்தும்படி மகளிடம் சொல்லுங்கள். எழுதாமல் நிற்பவற்றை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் பூட்டி, கணினியை மறுபடி தொடங்கும். பிறகு ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய ஓட்டத்தின் பதிவைக் கேட்டு, அதன் கடைசி ஐம்பது வரிகளையும், 197, 199 ஆகிய இரண்டின் எண்களையும், மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் காட்டிய அளவையும் எனக்கு எழுதுங்கள். பதிவின் கடைசியில் ஏடிஏ என்று தொடங்கும் பிழை வரிகள் இருந்தால் இன்னும் டிஸ்க்கின் பக்கம்தான் தேட வேண்டும். எந்தப் பிழையும் இல்லாமல் பதிவு பாதி வரியில் அறுந்திருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்ப்போம்.